பழைய டீசல் காரும் புது சாஃப்ட்வேரும்

டீசல் பம்ப்பில் அதிகபட்சம் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை ஒரு திருகுதான் முடிவு செய்யும். 1980-களின் கடைசியில் கோயம்புத்தூரில் நான் வேலை பழகிய பட்டறையில், பம்ப்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, கண்ணாடிக் குழாயில் விழும் டீசலை அளந்து, அந்தத் திருகைச் சரியான இடத்தில் நிறுத்துவோம். பிறகு கம்பி கோத்து ஈயச் சீல் அடித்துக் கொடுப்போம். மலை ஏறும் வண்டிக்காரர்கள் சிலர் சீலை அறுத்து அரைச் சுற்று கூட்டிவிடுவார்கள். பிக்கப் ஏறும், பின்னால் கரும்புகை போகும். வண்டி திரும்பப் பட்டறைக்கு வந்தால் சீலைப் பார்த்தவுடனே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்றைய டீசல் காரில் அந்தத் திருகு கிடையாது. ஈ.சி.யு. என்கிற சின்னப் பெட்டிக்குள் அது எண்களாகப் போய்விட்டது. எவ்வளவு டீசல், எந்த நொடியில், எத்தனை பிரிவாக, எவ்வளவு அழுத்தத்தில் என்பதெல்லாம் அந்த எண்கள்தாம். அவற்றை மாற்றினால் அறுந்து தொங்கும் கம்பி எதுவும் கண்ணில் படாது. வண்டியின் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் மெக்கானிக்குக்கும் படாது. ரீகால் என்று கூப்பிட்டு சாஃப்ட்வேர் மாற்றி அனுப்பும் வேலையில் நான் பார்த்த சச்சரவுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்பின.

எங்கள் பக்கம் மாற்றம் வந்தது, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன்ரெயிலோடு. 2002-ல் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் ஆக்சென்ட் சி.ஆர்.டி.ஐ., 2005-ல் இன்னோவா, 2007-ல் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜினோடு ஸ்விஃப்ட் டீசல். அம்பாசடரும் இண்டிகாவும் பார்த்துப் பழகிய கைக்கு இது வேறு உலகம். பழைய நாசில் 150, 200 பார் அழுத்தத்தில் திறக்கும். புது இன்ஜெக்டரோ 1,300 பாருக்கு மேல் வேலை செய்தது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீட்டு எண் பொறித்திருப்பார்கள். இன்ஜெக்டரை மாற்றினால் அந்தக் குறியீட்டை ஸ்கேனர் வழியாக ஈ.சி.யு.வுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஐடிலில் தட்டும், சில வண்டிகளில் வெள்ளைப்புகை வரும். ஸ்பேனர் வேலை முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது என்பதை எங்கள் தலைமுறை அந்தக் குறியீட்டில்தான் கற்றுக்கொண்டது.

அதற்குப் பின் வந்தது ஃபிளாஷிங். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒயரைச் சொருகி, பழைய புரோகிராமை அழித்துப் புதியதை எழுதுவது. அரைமணி நேரத்துக்குள் முடிகிற வேலைதான். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கினாலோ லேப்டாப் அணைந்தாலோ ஈ.சி.யு. செத்துப்போக வாய்ப்புண்டு. 2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது மேற்கு மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்து விசைத்தறி ஓட்டியதுபோல, அந்த நேரத்தைப் பார்த்துத்தான் நாங்களும் ஃபிளாஷ் போடுவோம். பேட்டரிக்குச் சார்ஜர், சார்ஜருக்கு யு.பி.எஸ்., யு.பி.எஸ்.ஸுக்கு ஜெனரேட்டர் என்று அடுக்கி வைத்துவிட்டு, ஹெட்லைட், ஏ.சி., ரேடியோ எல்லாம் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்ப்போம். பையன்கள் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் உள்விளக்கு எரியும். இந்தக் கட்டுப்பாட்டை இன்றுவரை என் பட்டறையில் வைத்திருக்கிறேன்.

அந்தக் காலத்து அப்டேட்களில் பெரும்பாலானவை சாதாரணமானவை. காலையில் ஐடில் ஏறி இறங்குகிறது, ரேடியேட்டர் ஃபேன் தாமதமாகச் சுற்றுகிறது, இரண்டாவது கியரில் உதறுகிறது, இப்படி. கம்பெனியிலிருந்து சுற்றறிக்கை வரும், வண்டி சர்வீசுக்கு வரும்போது போட்டுவிடுவார்கள். ஜாப் கார்டில் ஒரு வரி இருக்கும், பல சமயம் அதுவும் இருக்காது. இப்படிச் சொல்லாமல் செய்த பழக்கம்தான் பின்னால் ரீகால் காலத்தில் வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைக் கெடுத்தது என்பது என் எண்ணம்.

ரீகால் என்றால் பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் என்று உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் 1 லட்சத்து 14 ஆயிரம் செவ்ரோலே டவேராக்களைத் திரும்ப அழைத்தபோதுதான், புகைக்காகவும் அழைப்பார்கள் என்று தெரிந்தது. 2005 முதல் 2013 வரை தயாரான வண்டிகள் அவை. பி.எஸ்.3 மாசுத் தரத்தில் 2.5 லிட்டர் இன்ஜினும், பி.எஸ்.4 தரத்தில் 2.0 லிட்டர் இன்ஜினும் அதில் இருந்தன. தன் ஊழியர்கள் சிலர் சோதனை நடைமுறையில் விதி மீறினார்கள் என்று கம்பெனியே அரசாங்கத்துக்குத் தெரிவித்தது.

டவேரா நம் பக்கம் டாக்சி வண்டி. பழனி, சபரிமலை, ஊட்டி என்று ஓயாமல் ஓடியது. டிரைவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “வண்டி நல்லாத்தானுங்க ஓடுது? ஒரு நாள் நிறுத்துனா வாடகை போயிருமுங்களே?” அவர்கள் கேட்டதில் தப்பில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்றால் அவர்களே ஓடி வருவார்கள். நைட்ரஜன் ஆக்சைடு கூடுதலாகப் போகிறது என்றால் அது வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரியாது, பின்னால் பைக்கில் வருகிறவருக்கும் தெரியாது. அதற்கு நிறம் பெரிதாக இல்லை. நுரையீரல்தான் அறியும். இதைச் சொல்லிப் புரியவைக்க நான் பாடுபட்டிருக்கிறேன். கரும்புகை இல்லாவிட்டால் வண்டி சுத்தம் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமானது.

அந்த நம்பிக்கையை நம் புகைச் சான்றிதழே வளர்த்துவிட்டது. பெட்ரோல் பங்க் ஓரத்தில் எடுக்கும் பி.யு.சி. சோதனை டீசல் வண்டியில் அளப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, குழாயில் கருவியைச் சொருகி, புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று பார்ப்பார்கள். நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி தொடுவதே இல்லை. இன்ஜினுக்குள் நடப்பது என்னவென்றால், எரிப்பு சூடாகவும் முழுமையாகவும் நடந்தால் கரி குறையும், மைலேஜ் கிடைக்கும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். அதைக் குறைக்க, வெளியே போகும் புகையில் ஒரு பங்கை ஈ.ஜி.ஆர். வால்வு வழியாகத் திரும்ப உள்ளே விட்டு எரிப்பின் சூட்டைத் தணிக்க வேண்டும். அப்போது கரி கூடும். ஒன்றை அழுத்தினால் மற்றொன்று எழும். இதற்கு நடுவில் ஒரு புள்ளியைப் பிடிப்பதுதான் டீசல் சாஃப்ட்வேரின் வேலை.

2015 செப்டம்பர் 18-ல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வேகன் மீது நோட்டீஸ் கொடுத்தபோது வெளிவந்தது இந்தப் புள்ளியைப் பற்றிய விஷயம்தான். ஸ்டியரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி ஏறி இறங்குகிறது, இன்ஜின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்பதையெல்லாம் வைத்து, கார் சோதனைக்கூடத்து உருளை மேல் நிற்கிறதா என்று சாஃப்ட்வேர் கண்டுபிடித்தது. நின்றால் நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்தும். ரோட்டுக்கு வந்ததும் விட்டுவிடும். சில ஓட்டங்களில் வரம்பைப் போல 40 மடங்கு வரை போனது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்கள். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் கருவியைக் காரிலேயே ஏற்றி ரோட்டில் ஓட்டிப் பார்த்திருக்காவிட்டால் இது இன்னும் எத்தனை வருஷம் ஓடியிருக்குமோ.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வந்தது கோபம். பம்ப் திருகைக் கூட்டிய லாரி டிரைவருக்குப் புகை அபராதம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவன் திருடியது அரைச் சுற்று. அதையும் மறைக்க அவனிடம் வழியில்லை.

இந்தியாவிலும் வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ. இந்தக் கார்களைச் சோதித்தது. சோதனைக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் அளவுகளில் வித்தியாசம் இருந்தது. 2015 டிசம்பர் 1-ல், ஈ.ஏ.189 வகை டீசல் இன்ஜின் கொண்ட 3 லட்சத்து 23 ஆயிரத்து 700 கார்களைத் திரும்ப அழைப்பதாக ஃபோக்ஸ்வேகன் அறிவித்தது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி மூன்றும் இதில் அடக்கம். 1.2, 1.5, 1.6, 2.0 லிட்டர் இன்ஜின்கள். இந்தியாவில் தன் கார்கள் பி.எஸ்.4 விதிகளை மீறவில்லை என்பதே அந்த நிறுவனத்தின் வாதம். 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மே மாதம், கட்டாய வசூல் நடவடிக்கை கூடாது என்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

இந்த இன்ஜின்களுக்கு ஜெர்மனியில் அங்கீகரித்த சரிசெய்முறை எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். 1.2, 2.0 லிட்டர் இன்ஜின்களுக்கு சாஃப்ட்வேர் மட்டும். 1.6 லிட்டருக்கு சாஃப்ட்வேரோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் சல்லடையும் உண்டு. ஏர்ஃபில்டரைத் தாண்டி வரும் காற்று சுழன்று வந்தால் காற்று அளக்கும் சென்சார் தடுமாறும். சல்லடை அதை நேராக்கும். சென்சார் துல்லியமாக அளந்தால் சாஃப்ட்வேர் ஈ.ஜி.ஆரைத் துல்லியமாக ஆட்டலாம். சிந்தனை சரியானது, விலை சொற்பம், ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்காத மெக்கானிக் இல்லை.

அந்த வருஷங்களில் ஒரு கம்பெனியின் காரைத் திருப்பூர் நூல் வியாபாரி ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். கம்பெனிப் பெயர் இங்கே தேவையில்லை, இதே குறையைப் பல கம்பெனி வண்டிகளில் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கை வண்டி, ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. டீலரிடம் அப்டேட் போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

“ஏனுங்ணா, நேத்து வரைக்கும் அம்பாட்டமாப் போயிட்டிருந்த வண்டி. கம்ப்யூட்டர மாட்டி என்னமோ பண்ணி உட்டுட்டாங்க. இப்ப பாலம் ஏறவே திணறுது. லைட்டு வேற எரியுது.”

ஸ்கேனரை மாட்டினேன். ஈ.ஜி.ஆர். வால்வுக்கு ஈ.சி.யு. சொல்லும் அளவு ஒன்று, வால்வு நிற்கும் இடம் வேறு. வால்வைக் கழற்றினால் கரி தார்போல அப்பியிருக்கிறது. இன்டேக் மேனிஃபோல்டின் வாய் பாதி அடைத்திருக்கிறது. இவ்வளவு கரி சில வாரத்தில் சேராது. பல வருஷச் சேர்மானம். பழைய சாஃப்ட்வேர் வால்வை அதிகம் ஆட்டவில்லை, அதனால் அடைப்பு இருந்தும் வண்டி ஓடியது. புதியது வால்வை அடிக்கடியும் அகலமாகவும் திறக்கச் சொன்னது. கரி பிடித்த வால்வால் முடியவில்லை. ஈ.சி.யு. லைட்டை எரியவிட்டு, வேகத்தைக் குறைத்து, லிம்ப் மோடுக்குப் போய்விட்டது.

வியாபாரி சொன்னதும் உண்மை, அப்டேட்டுக்கு முன்னால் வண்டி நன்றாகத்தான் ஓடியது. டீலர் சொன்னதும் உண்மை, வால்வு ஏற்கெனவே தேய்ந்துதான் இருந்தது. ஆனால் பில் யாருக்கு? தேய்மானம், வாரண்டியில் வராது என்று வியாபாரிக்குப் பதில் வந்தது. என் தீர்ப்பு வேறு. ஒரு பாகத்தின் வேலைப்பளுவைக் கம்பெனி தன் கையால் கூட்டினால், அதற்குப் பின் சில காலத்துக்காவது அந்தப் பாகத்துக்கு அது பொறுப்பு ஏற்க வேண்டும். ஐரோப்பாவில் இதே மாதிரிக் குறைகள் குவிந்து, ஐரோப்பிய ஆணையம் அழுத்தம் கொடுத்த பிறகு, அப்டேட் போட்ட 24 மாதம் வரை, 2 லட்சத்து 50 ஆயிரம் கிலோமீட்டருக்குள், சில பாகங்களுக்குப் பொறுப்பேற்பதாக ஃபோக்ஸ்வேகன் உறுதி தந்தது. நம் ஊர் ஜாப் கார்டில் அப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

அந்த வண்டிக்குப் பிறகு என் பட்டறையில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். யார் அப்டேட்டுக்குப் போவதாகச் சொன்னாலும், போவதற்கு முன் வண்டியை இங்கே நிறுத்தச் சொல்வேன். ஐடிலில் காற்று அளவு, ரெயில் அழுத்தம், நான்கு இன்ஜெக்டர்களின் திருத்த அளவு, ஈ.ஜி.ஆர். சொன்ன அளவும் நின்ற அளவும், டர்போ குழாயில் கீறல் இருக்கிறதா, இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் டீசல் சமமாக வருகிறதா, பேட்டரி தாங்குமா. இவற்றைப் பார்த்து ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுப்பேன். இன்ஜெக்டர் ஒன்று அதிகம் ஒழுகினால் அதைச் சரிசெய்த பிறகே போகச் சொல்வேன். புது சாஃப்ட்வேரை எழுதியவர்கள் கம்பெனியில் புது இன்ஜினை வைத்து எழுதியிருப்பார்கள். அது வந்து இறங்குவதோ மண்ணையும் புழுதியையும் கலப்பட டீசலையும் பத்து வருஷம் தின்ற இன்ஜினில். அப்டேட்டுக்குப் பின் வண்டியை மறுபடி அளந்தால் எது சாஃப்ட்வேரால் வந்தது, எது தேய்மானத்தால் வந்தது என்று வாக்குவாதமே இருக்காது. அந்தத் தாளைக் காட்டி டீலரிடம் பாகத்தை இலவசமாக மாற்றிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

சாஃப்ட்வேரைத் தொடவே விடாதவர்களும் உண்டு. பிக்கப்புக்காக ஈ.சி.யு.வின் எண்களை மாற்றி ரீமேப் செய்திருப்பார்கள், டீலர் ஃபிளாஷ் போட்டால் அது அழிந்துவிடும். இன்னும் சிலர் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஈ.சி.யு. வாங்கிப் பொருத்தியிருப்பார்கள். சேஸிஸ் நம்பர் ஒத்துப்போகாமல் அப்டேட் ஏறாது. ஈ.ஜி.ஆரை அடைத்துத் தகடு போடச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். தகடு போட்டால் கரி சேராது, பிக்கப் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கார் பள்ளிக்கூட வாசலில் நின்று உறுமும்போது வெளியே விடுவது, ஒரு கம்பெனியை உலகமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அதே வாயு. அந்த வேலையை நான் செய்து கொடுப்பதில்லை. வருகிறவர்களிடம் காரணத்தைச் சொல்லி, வால்வையும் மேனிஃபோல்டையும் கழற்றிச் சுத்தம் செய்து தருகிறேன். வாரத்தில் ஒரு நாளாவது பைபாஸில் நிதானமாக, இன்ஜின் முழுச் சூடு ஏறும்வரை ஓட்டச் சொல்கிறேன். சந்துக்குள் மட்டும் ஓடும் டீசல் கார் சீக்கிரம் அடைக்கும்.

சரிசெய்த சாஃப்ட்வேரே சரியா என்ற கேள்வியும் பிறகு வந்தது. ஆஸ்திரியாவில் வாங்கிய ஃபோக்ஸ்வேகன் கார்கள் பற்றிய வழக்கில் 2022 ஜூலை 14-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ரீகாலில் போட்ட அந்த அப்டேட்டில் ஒரு வெப்பநிலைச் சன்னல் இருந்தது. வெளியே 15 முதல் 33 டிகிரிக்குள், 1,000 மீட்டர் உயரத்துக்குக் கீழே ஓடினால்தான் ஈ.ஜி.ஆர். முழுமையாக வேலை செய்யும். இன்ஜின் பாகங்களைக் காப்பாற்றத்தான் இப்படி என்பது கம்பெனியின் வாதம். ஆண்டின் பெரும்பகுதியில் முழுமையாக வேலை செய்யாத ஏற்பாட்டை அனுமதிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

நம் ஊரில் ஓடும் கார்களின் சாஃப்ட்வேரில் என்ன எண்கள் இருக்கின்றன என்பது கம்பெனிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ.க்கும்தான் தெரியும். ஆனால் அந்த 33 டிகிரியைப் படித்ததும் எனக்குச் சென்னையின் மே மாதம்தான் ஞாபகம் வந்தது. 1,000 மீட்டரைப் படித்ததும் 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டி. மேட்டுப்பாளையத்தில் புறப்படும் டாக்சி ஒரே காலையில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். நம் வெயிலுக்கும் நம் மலைக்கும் ஏற்ற எண்கள்தாமா என்று கேட்கும் உரிமை இங்கே வண்டி வாங்குகிறவருக்கு உண்டு. 2023 ஏப்ரல் முதல் புதுக் கார்களை ரோட்டில் ஓட்டியும் சோதிக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் அதற்கு முன் விற்ற லட்சக்கணக்கான டீசல் கார்களை அது தொடாது.

சட்டத்தின் இன்னொரு இடைவெளியும் பழைய வண்டிக்காரர்களைத்தான் தாக்குகிறது. 2021 ஏப்ரல் முதல் அரசே கட்டாய ரீகால் உத்தரவிடலாம், 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆனால் அந்த விதி ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். டீசல் காரில் குறை வெளியே தெரியும் வயதே ஏழுக்கு மேல்தான். அதற்குள் வண்டி இரண்டு கை மாறியிருக்கும். ரீகால் கடிதம் முதல் சொந்தக்காரரின் பழைய விலாசத்துக்குப் போய் அங்கேயே கிடக்கும். ஏழு என்பதைப் பதினைந்தாக்க வேண்டும். ஆர்.சி. பெயர் மாறும்போதே பாக்கி ரீகாலைப் புதுச் சொந்தக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும். எல்லா விவரமும் அரசாங்கத்தின் கணினியில்தான் இருக்கிறது, இது முடியாத காரியமல்ல.

அதுவரை உங்கள் வேலையை நீங்கள் செய்யுங்கள். பழைய டீசல் கார் வாங்கினால், ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டோ, டீலரிடம் கொடுத்தோ பாக்கி ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போய்ச் செய்துகொள்ளுங்கள், காசு கிடையாது. போகும் முன் ஒரு நல்ல டீசல் மெக்கானிக்கிடம் வண்டியை அளந்து தாள் வாங்குங்கள். டீலரிடம் பழைய சாஃப்ட்வேர் எண்ணையும் புதிய எண்ணையும், எதற்காக மாற்றினார்கள் என்ற காரணத்தையும் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத வரை சாவியை வாங்காதீர்கள்.